ஆடிக் காற்றில் அரியமான்: பிள்ளைகள், பாட்டியோடு கடற்கரையில் ஒரு முழு நாள்

மதுரைமல்லி
ஆகஸ்ட் முதல் வாரம் மண்டபத்தில் தங்குகிறோம். அதில் ஒரு நாளைக் கோயில், பாலம் என்று எங்கும் ஓடாமல் கடற்கரையிலேயே கழிக்கலாம் என்று எண்ணம். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு (வயது 4, 9), மூட்டுவலியோடு ஒரு பாட்டி. யாருக்கும் ஒழுங்காக நீச்சல் தெரியாது. அரியமான் போகலாமா, தனுஷ்கோடியா? நிழல், சாப்பாடு, பிள்ளைகளைத் தண்ணீரில் விடுவது பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி பரமு
தனுஷ்கோடிதான், வேறென்ன! 2017ல் தனுஷ்கோடிக் கடைசியில இருக்கிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு காரிலேயே முனை வரைக்கும் போயிடலாம். ரெண்டு பக்கமும் கடல். காலையில போயி சாயங்காலம் வரை இருந்துட்டு வாங்க.

கச்சான்காரன்
பரமு தம்பி, பார்க்கிறதுக்கு அது சரி. குளிக்கிறதுக்கு வேண்டாம். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் கடுமையானது, காலடி மணலையே அரித்துக்கொண்டு போகும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இருட்டுவதற்கு முன்பே வண்டிகளைத் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வருகிற இடம் அது. பாட்டியையும் நாலு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார முடியாது.

மல்லி, முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் இடத்தை முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கம் பாக் விரிகுடாவை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வோம். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் காற்று அடிக்கும். அப்போது இந்துமாக்கடலில் கிளம்பும் அலை நேராகத் தென்கடலில் வந்து மோதும். வடகடலுக்கு நிலமும் மணல்திட்டுகளும் மறைப்பு, அதனால் அங்கே கடல் தட்டையாகக் கிடக்கும். அக்டோபருக்கு மேல் வாடை, அதாவது வடக்கிலிருந்து வரும் காற்று, திரும்பியதும் எல்லாம் தலைகீழ்: வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும்.

நீங்கள் வருவது ஆடியில். ஆக வடகடல், அதாவது அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே உச்சிப்புளிப் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்ப வேண்டும். பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 10, 12 மீட்டருக்கு மேல் ஆழமே இல்லை. கரையோரம் சரிவும் மெல்லத்தான் இறங்கும். இடுப்பளவுத் தண்ணீருக்கே கொஞ்ச தூரம் நடக்கணும்.

மதுரைமல்லி
ரொம்ப நன்றிங்க அண்ணா. அப்படியென்றால் காற்று நிரப்பிய டியூப், மிதக்கும் வாத்து எல்லாம் கொண்டுவந்தால் பிள்ளைகள் பாட்டுக்கு விளையாடுவார்கள், இல்லையா?

கச்சான்காரன்
அதைத்தான் சொல்ல வந்தேன். ஆடியில் அரியமானில் மிகப் பெரிய ஆபத்தே அந்த வாத்துதான்.

கடல் அங்கே ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று உங்கள் முதுகுப் பக்கம், தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலையை எழும்ப விடாத அதே காற்று, மேலே மிதக்கிற எதையும் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும். டியூபும் வாத்தும் தண்ணீரில் கனமில்லாதவை, பாய் விரித்த வத்தைப் படகு மாதிரி ஓடும். பிள்ளை மேலே உட்கார்ந்திருந்தால் காற்றுப் பிடிக்கும் பரப்பு இன்னும் கூடுகிறது. இடுப்பளவில் நிற்கிற அப்பா நாலு எட்டு வைப்பதற்குள் அது கழுத்தளவுக்குப் போய்விடும். பிறகு துரத்தினால் துரத்துகிறவருக்கும் ஆபத்து. அலை இல்லாததால் கரையில் இருப்பவர்களுக்கு எதுவும் தப்பாகத் தெரியவே தெரியாது, கெட்டது அதுதான்.

இறங்குவதற்கு முன் ஒரு துண்டை உயர்த்திப் பிடியுங்கள். நுனி கடலைக் காட்டினால் காற்றடைத்த பொருள் எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது. பந்து உட்பட. பந்து போனால் போகட்டும், பின்னால் நீந்தாதே என்று ஒன்பது வயதுக்காரனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மிதவை வேண்டுமென்றால் உள்ளே நுரை வைத்த லைஃப் ஜாக்கெட். பிள்ளையின் எடைக்குப் பொருந்தணும், கால்களுக்கு நடுவே பட்டை இருக்கணும். பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போகும். தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அது பெரிது. கையில் மாட்டும் ஊதுபட்டைகள் விளையாட்டுச் சாமான்தான், பாதுகாப்புச் சாமான் அல்ல.

முதலுதவிப்பெட்டி
கச்சான்காரன் சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போகும், கை பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், சத்தமே இருக்காது. பெரும்பாலும் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு பெரியவர்கள் இருந்தால் நாலு பேரும் பார்க்கிறோம் என்று நினைப்பீர்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள்: 20 நிமிடத்துக்கு ஒருவர், கையில் போன் கூடாது, முறை மாறும்போது "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லணும். நாலு வயதுப் பிள்ளைக்கு எப்போதும் கை எட்டும் தூரத்தில் தனியாக ஒருவர். முழங்கால் தண்ணீர்தானே என்று விடக் கூடாது.

உடையின் நிறமும் முக்கியம். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், பளீர்ப் பச்சை தண்ணீருக்குள்ளும் தெரியும். நீலமும் வெள்ளையும் மறைந்தே போகும்.

பெண்கள் சேலையோடு இறங்குவது இங்கே சாதாரணம். நனைந்த ஆறு கஜம் காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்து நிற்பதே பாடு. துப்பட்டா இல்லாத சுடிதாரோ, செயற்கை இழையில் கால்சட்டையும் டீ-ஷர்ட்டுமோ நல்லது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும்.

எண்களைப் போனில் இப்போதே சேமியுங்கள்: ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

தாழையும்பாசியும்
அரியமானில் கரையோரம் பழுப்பாக நார் நாராக ஒதுங்கிக் கிடக்கும். "குப்பை, சாக்கடை" என்று நிறைய பேர் முகம் சுளிக்கிறார்கள். அது கடல்தாழை, கடலடியில் புல்வெளியாக வளர்வது. ஆவுளியா, அதாவது கடற்பசு, மேய்வது இதைத்தான். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பை 2022ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்கு இந்தப் புல்வெளிகள்தான் காரணம். ஒதுங்கியது அழுகினால் நாற்றம் வரும், அவ்வளவுதான். பத்து இருபது அடி தள்ளி உட்காருங்கள்.

உங்களுக்கு இதில் தேவையான விஷயம் வேறு. புல் கிடக்கும் மணலடியில் திருக்கை புதைந்து கிடக்கும். அதுவாக வந்து தாக்காது, மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். கால் தூக்கி வைத்து நடக்காமல் மணலை உரசியபடி இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கள். அதிர்வு தெரிந்தாலே விலகிப் போய்விடும். பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு கிளிஞ்சலுக்கும் கடல் முள்ளெலிக்கும் உதவும். ஆனால் திருக்கை முள் அதையும் துளைக்கும்.

கிளிஞ்சல் பொறுக்கட்டும், தப்பில்லை. பவளத்துண்டும் கடல் அட்டையும் மட்டும் வேண்டாம். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. காய்ந்து ஒதுங்கிய பவளமானாலும் எடுத்துப் போகக் கூடாது. கடைகளில் விற்றாலும் வாங்காதீர்கள்.

ஊர்சுற்றி பரமு
சொறி, அதான் ஜெல்லிமீன், கடிச்சா வினிகர் ஊத்தணும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போகச் சொல்லலாமா?

முதலுதவிப்பெட்டி
எந்த வகைச் சொறி என்பதைப் பொறுத்தது பரமு. பெட்டிச் சொறிக்கு வினிகர் சரி. நீலக் குமிழி போல மிதக்கும் வகைக்கு வினிகர் நல்லதா கெட்டதா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. எது கொட்டியது என்று தெரியாத இடத்தில் செய்ய வேண்டியது: கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுச் செல்களும் வெடிக்கும். மணல் போட்டுத் தேய்ப்பதும் அதையேதான் செய்யும். இழைகளை இடுக்கியால் எடுங்கள். பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். சிறுநீர் ஊற்றும் வைத்தியத்தை மறந்துவிடுங்கள்.

திருக்கை முள்ளுக்கும் வெந்நீர்தான், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. அதன் விஷம் சூட்டில் செயலிழக்கும், வலி குறையும். ஆகவே ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் வெந்நீரும் ஒரு சின்ன வாளியும் பையில் இருக்கட்டும். கடல் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கலாம். சூட்டைக் கடிபடாத ஒருவர் கையை விட்டுப் பார்க்கணும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. முள் ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே மருத்துவமனை. மூச்சுத் திணறல், வாந்தி, முகவீக்கம் வந்தால் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே 108.

மதுரைமல்லி
இவ்வளவு இருக்கிறதா! சரி, நிழலுக்கு என்ன செய்யலாம்? பெரிய குடை ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பந்தல்கால்
ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது குடை எம்மாத்திரம்? கழன்ற குடைக்கம்பு ஆளைக் குத்தும். பணத்தைக் கடலில் போடாதீர்கள்.

அரியமானில் சவுக்குத் தோப்பு இருக்கிறது. தோப்பு தெற்கே, கடல் வடக்கே. தெற்குக் காற்றை மரங்களே தடுத்துவிடும், மணல் முகத்தில் அடிப்பது குறையும். ஒரு சூட்சுமம் மட்டும் கவனியுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்த ஊரில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும், சுமார் 8 டிகிரி. மாத முடிவில்தான் நேர் உச்சிக்கு வரும். அதனால் நடுப்பகலில் மர நிழல் கடல் பக்கம் விழாது, தெற்கே தோப்புக்குள் விழும். ஓர மரத்தடியில் கடலைப் பார்த்து ஜமக்காளம் விரித்தவர்கள் பதினொரு மணிக்கு வெயிலில் இருப்பார்கள். இரண்டு மூன்று வரிசை உள்ளே தள்ளிப் போடுங்கள். அங்கே உச்சிப்பொழுது நண்பகல் 12:20 வாக்கில்.

தண்ணீர் ஓரம் காவல் இருப்பவருக்குத் தனியாக ஒரு சின்னப் பந்தல் வேண்டும். 8க்கு 10 அடித் தார்ப்பாய், நாலு கம்பு, நைலான் கயிறு, நாலு காலி அரிசிச் சாக்கு. மணலில் முளை அடித்தால் நிற்காது. சாக்கில் 15 கிலோ போல மணல் நிரப்பி, வாயைக் கட்டி, ஒன்றரை அடிக் குழியில் படுக்கவைத்து மூடுங்கள். கயிற்றை அதிலிருந்து 45 டிகிரி சாய்வில் இழுத்துக் கட்டணும். காற்று வரும் தெற்குப் பக்கம் பாயைத் தாழ்த்தி, கடல் பக்கம் உயர்த்துங்கள். மாற்றிக் கட்டினால் பாய் உப்பிக்கொண்டு கம்பைப் பிடுங்கும். கிளம்பும்போது சாக்கைக் கொட்டி எடுத்துக்கொள்ளுங்கள், குழியையும் மூடிவிடுங்கள்.

குழி என்றதும் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது. மணல் வீடு கட்டத் தோண்டும் குழி, இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது. பக்கச் சுவர் சரிந்தால் வெளியே எடுப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். வீடு நிற்பதற்குக் கணக்கு: எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர். தாழைத் துண்டு கலந்த மணல் ஒட்டாது, கையால் அரித்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

முதலுதவிப்பெட்டி
நிழலில் இருந்தாலும் வெயில் படும். காய்ந்த மணல் 15 சதவீதமும், கடல் நுரை 25 சதவீதமும் புறஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும். எஸ்.பி.எஃப். 30க்கு மேல் கிரீம், இறங்குவதற்குக் கால் மணி முன்பு. பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூச 30 மி.லி. ஆகும். இரண்டு மணிக்கு ஒருமுறை, துவட்டிய பிறகும் மறுபடி. 50 மி.லி. குழாய் ஒன்றை ஏழு பேர் நாள் முழுக்கப் பூசுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிட்டு முகம், கழுத்து, புறங்கால், காது மடலுக்கு மட்டும் பூசினால் செலவும் குறையும். புறங்காலைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

தண்ணீரில் இருக்க வேண்டிய நேரம் காலை 6:30 முதல் 9:30, மாலை 4 முதல் 6:15. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையானால் தோப்புக்குள் வந்துவிடணும்.

கட்டுச்சோறு
சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். காற்று அடிக்கிற இடத்தில் பெரிய பாத்திரத்தைத் திறந்து பரிமாறினால் எல்லோருக்கும் நறநறவென்று மணல்தான். ஆளுக்கொரு பொட்டலம் கட்டுங்கள். வாழையிலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது.

ஏழு பேருக்குத் தயிர்சாதம் அரை கிலோ அரிசி, புளியோதரை அரை கிலோ போதும். தயிர்சாதத்துக்கு அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் முக்கால் லிட்டர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நாலு மேசைக்கரண்டி தயிர், உப்பு. காலை 5:30க்குக் கலந்தால் நண்பகலுக்குள் அதுவே உறைந்து சரியான பதத்தில் இருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றினவர்களுக்குப் பத்து மணிக்கே புளித்துவிடும். வெங்காயமும் வெள்ளரியும் முதலிலேயே போடாதீர்கள், தண்ணீர் விட்டுவிடும். மாதுளையைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே தூவலாம்.

புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் முந்தின இரவே. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவைத்துக் கிளறுங்கள். ஆவியோடு கட்டினால் இலைக்குள் வியர்த்து, நூல் விட்டுவிடும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், தொக்கு, இட்லிப்பொடி. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம்.

குடிதண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் ஒன்றும் கூட இரண்டு பாட்டிலும். முந்தின இரவு நாலு பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறையவையுங்கள். அதுவே ஐஸ், உருகினால் குடிக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டருக்கு முழுசாகக் கரைக்கணும். பாதியைக் குத்துமதிப்பாக டம்ளரில் கலக்குவது தப்பு.

வழியில் நுங்கு கிடைத்தால் வாங்குங்கள், சீசன் கடைசியாகத்தான் இருக்கும். முற்றின நுங்கு பிள்ளைக்கு வயிற்றை வலிக்கச் செய்யும், விரலால் அழுத்தினால் அமுங்கணும். தோப்பில் அடுப்பு மட்டும் மூட்டாதீர்கள். சவுக்குச் சருகு சட்டென்று பிடிக்கும், காற்றும் அப்படி.

ஊர்சுற்றி பரமு
கடற்கரைக்குப் போயி தயிர்சாதமா! மீன் இல்லாம என்ன விடுமுறை?

கச்சான்காரன்
மீனை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், ஆகஸ்ட்டில் அது முடிந்திருக்கும். பாக் விரிகுடாவில் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலை கரை சேரும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் வரத்து அதிகம். நாட்டுப்படகு மீன் மற்ற நாட்களில். வடகடலில் நீலக்கால் நண்டு நன்றாக இருக்கும். உயிரோடு இருப்பதை மட்டும் வாங்கணும், அளவுக்குக் கனமாக இருக்கணும், செத்த நண்டு மலிவு என்று ஏமாறாதீர்கள். மீனுக்குச் செவுள் சிவப்பு, கண் துருத்தியிருக்கணும், அழுத்தின குழி உடனே மேலே வரணும். வாங்கினதும் ஐஸ் போட்டு நேராகத் தங்கும் இடத்துக்கு. காரில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகாதீர்கள்.

மதுரைமல்லி
பாட்டியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. மணலில் அவர்களால் நடக்க முடியாது.

கைத்தடி
கட்டையான கடற்கரை நாற்காலி வேண்டாம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கிற கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியே சரி. கால் புதையாமல் இருக்க அடியில் 2க்கு 2 அடி பிளைவுட் பலகை ஒன்று. நாற்காலியின் பின்கால் வழுக்காமல் பலகை ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டை அடித்துவிடுங்கள்.

உலர்ந்த மணலில்தான் முழங்கால் வாங்கும். தோப்பின் வண்டி நிற்கும் பக்கத்திலிருந்து உட்காரும் இடம் வரை நீளமான சணல் சாக்கையோ பழைய ரப்பர் பாயையோ விரித்து, நடக்க நடக்கப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போடலாம். ஈரமணல் கெட்டியாக இருக்கும், அங்கே கைத்தடியோடு நடந்துவிடலாம். தடியின் நுனியில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் குத்திவிட்டால் புதையாது. காலை ஏழு மணிக்குக் கணுக்காலளவுத் தண்ணீரில் நாற்காலி போட்டு அரை மணி உட்காரவைக்கலாம். எழும்பும்போது முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர்.

போனதும் முதல் வேலை கழிப்பறையைப் பார்ப்பது. தண்ணீர் வருகிறதா, படி எத்தனை, பிடிக்கக் கம்பி இருக்கிறதா. பெரியவர்கள் கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுவார்கள். பிரஷர் மாத்திரை, குறிப்பாகச் சிறுநீர் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது மாத்திரை என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தல்கால்
கிளம்பும்போது கால் மணலைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போகாது, தோல்தான் எரியும். முதலில் காயட்டும். டால்கம் பவுடரோ சோளமாவோ தூவித் துணியால் தட்டினால் தானாக உதிரும். பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் காலையிலேயே தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் உப்புத் துணி உரசிப் புண்ணாகாது.

மதுரைமல்லி
எல்லோருக்கும் நன்றி. ஆடி அமாவாசை அந்த வாரம் வந்தால் பாதிப்பு இருக்குமா? பொங்கல் விடுமுறைக்கு மறுபடி வந்தாலும் அரியமானே போகலாமா?

கச்சான்காரன்
அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தலை தெரியாத கூட்டம். நெடுஞ்சாலை முந்தின நாள் மாலையிலிருந்தே நெருக்கடி. அன்றைக்கு அரியமானில் இருங்கள், ஆனால் அதிகாலையிலேயே உள்ளே போய்விடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறுவதும் வற்றுவதும் வழக்கத்தைவிடக் கூடும். வடகடலில் அது பெரிய உயரமில்லை என்றாலும் சரிவு குறைவு என்பதால் தண்ணீர்க்கோடு நிறைய நகரும். காவல் பந்தலைக் காய்ந்த தாழை ஒதுங்கிக் கிடக்கும் வரிக்கு மேலே போடுங்கள்.

பொங்கலுக்கு வாடை. அரியமானில் அலையும் கலங்கலுமாக இருக்கும், காற்று முகத்தில் அடிக்கும், தோப்பும் மறைக்காது. தென்கடல் பக்கம் தேடுங்கள். ஆனால் அங்கே ஆழம் சீக்கிரம் விழும் இடங்கள் உண்டு, அந்தந்தத் துறை மீனவரிடம் கேட்காமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். துண்டையும் மறுபடி பிடித்துப் பாருங்கள், அங்கே வாடை முதுகுப் பக்கம்.